இரண்டு அணா நடராசர்

கைப்பேசி இல்லாத காலத்தில் கடல் கடந்த உறவைக் கடிதமே காத்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ரந்தாவ் நகருக்கு அருகிலுள்ள கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்களும் ஊர்க்கடிதத்துக்காகக் காத்திருந்தவர்களே. பெரியவர்கள் கடிதத்தைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சிறுவர்களின் கண்ணோ உறையின் மூலையில் ஒட்டிய அஞ்சல் தலைமீது இருக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழியாமல் உரித்தெடுப்பது தனிக் கலை!

இந்தியாவின் அன்றாட அஞ்சல் தலைகளில் நெடுங்காலம் ஆங்கிலேய மன்னரின் முகமே இருந்தது. விடுதலைக்குப் பின், 1949 ஆகஸ்டு 15-இல், பழங்கலைச் செல்வங்களைக் காட்டும் 16 அஞ்சல் தலைகள் வெளிவந்தன. மூன்று தம்பிடித் தலையில் அசந்தா யானை, ஆறு தம்பிடியில் கோனார்க் குதிரை, ஐந்து ரூபாயில் தாஜ்மகால். இரண்டு அணாத் தலையில் நடராசர். பழங்கலையை அஞ்சல் தலையில் ஏற்றுவது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கொரிய அஞ்சல் தலைகளில் சில்லா அரசின் பொன்முடிகளையும் கொர்யோ காலத்துப் பசும்பீங்கான் கலங்களையும் காணலாம்.

நடராசர் திருமேனி உருவாகும் முறை வியப்பானது. முதலில் மெழுகில் உருவம் செய்து அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசுவார்கள். மண் காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளிப்படும். எனவே, ஓர் அச்சுக்கு ஒரே சிலை. சுவாமிமலைச் சிற்பிகள் இன்றும் இம்முறையைக் கையாள்கின்றனர். அஞ்சல் தலையோ இதற்கு நேர்மாறானது. ஒரே படம் ஆயிரமாயிரமாய் அச்சாகும். அதனால், படத்தில் பிழை நேர்ந்தால் அதுவும் ஆயிரமாயிரமாய்ப் பரவும்.

அப்படி ஒரு பிழை இந்த வரிசையிலேயே நேர்ந்தது. ஓர் அணாத் தலையில் இடம்பெற்ற போதிசத்துவர் வலக்கையை நீட்டியிருக்க வேண்டும். படம் இடம் வலமாகத் திரும்பிவிட்டதால் இடக்கையை நீட்டியவாறு அச்சானது. கை மாறினால் என்ன என்று தோன்றலாம். சிற்பக்கலையில் ஒவ்வொரு கைக்கும் பொருள் உண்டு. நடராசரையே பாருங்கள். வலப்புற மேற்கையில் உடுக்கை, இடப்புற மேற்கையில் தீ. வலப்புறக் கீழ்க்கை அஞ்சாதே என்கிறது. இடப்புறக் கீழ்க்கை தூக்கிய இடக்காலைச் சுட்டுகிறது. வலக்காலின் கீழே முயலகன் கிடக்கிறான்.

இந்தப் படம் திரும்பியிருந்தால் இறைவன் வலக்காலைத் தூக்கியிருப்பார். மதுரை வெள்ளியம்பலத்தில் அவர் அப்படித்தான் ஆடுகிறார்! ஒரே காலில் நின்றாடும் இறைவனுக்குக் கால் வலிக்குமே என்று பாண்டிய மன்னன் வேண்ட, அவர் கால் மாறி ஆடியதாகத் திருவிளையாடற் கதை கூறுகிறது. ஆக, அச்சுப் பிழை ஒன்று பார்ப்பவரை வேறொரு தலத்துக்கும் வேறொரு கதைக்கும் அழைத்துச் சென்றிருக்கும். நல்லவேளையாக, இரண்டு அணாத் தலையில் அது நேரவில்லை.

போதிசத்துவரின் படம் 1950 ஜூலையில் திருத்தப்பட்டு மீண்டும் வெளிவந்தது. முதலில் வந்தது இடக்கை நீட்டியது. பிறகு வந்தது வலக்கை நீட்டியது. அஞ்சல் தலை சேகரிப்போர் இரண்டையும் தேடிப் பிடித்து, ஏட்டில் அருகருகே ஒட்டி வைக்கின்றனர்.