பல் வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்குமுன்

நம் தோழர்களிற் சிலர், நீட் தேர்வில் மருத்துவத்திற்கு மதிப்பெண் போதாமையால், "பல் வைத்தியமாவது கிடைக்கட்டும்" என்று கூறக் கேட்கின்றோம். தமிழ் பயிலும் நமக்கு அந்த "ஆவது" என்னும் இடைச்சொல்லே அச்சந் தருகின்றது. 1920ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் வைத்தியக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, இத்தொழிலையே அமெரிக்கா சென்று கற்று மீண்டவர். இது மற்றொன்றன் எச்சமன்று.

நான்காண்டுக் கல்வியும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. தொடக்கத்திலேயே மெழுகைச் செதுக்கிப் பல்லின் வடிவஞ் சமைத்தல் வேண்டும். மேல்வாய்ப் பற்களைப் பெரும்பாலும் சிறு கண்ணாடியில் நோக்கியே பணிசெய்ய வேண்டுதலின், பிம்பம் மாறித் தோன்றக் கை தடுமாறும்; பழகினாலன்றி வாராது. கழுத்தும் முதுகும் நோகும். இவற்றிற்கு மனம் இசையுமோ என்று முதலில் தம்மைத் தாமே வினவிக்கொள்க.

கல்லூரியைத் தெரிந்தெடுக்குங்கால் கட்டடத்தைக் கண்டு மயங்கற்க. காலை வேளையிற் புறநோயாளர் கூடத்திற்குச் சென்று நோக்குக. பெஞ்சுகள் வெறுமையாய்க் கிடப்பின், மாணவர் யாருடைய வாயிற் கற்பர்? எத்தனை பல் பிடுங்கினர், எத்தனை அடைத்தனர் என்று இறுதியாண்டு மாணவரிடமே கேட்க. கருவிகளுக்காகுஞ் செலவு கல்லூரிச் சம்பளத்தின் வேறோ என்பதையும் அப்போதே அறிந்துகொள்க. தந்தையார் கடன் பத்திரத்திற் கையொப்பமிட்ட பின்னர் அறிந்து பயனில்லை.