நேரம் முடிந்தும் எழுந்திருக்காதவர்கள்

கேள்வி: ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். நேரம் முடிந்தும் ஆட்கள் எழுவதில்லை. ஒருவர் திறந்துவைத்துப் போன மெயிலை அடுத்தவர் பார்த்துவிடுகிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், ராஜபாளையம்

பதில்: இரண்டாவதுதான் பெரிய வில்லங்கம், அதை முதலில் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களோடு இருக்கட்டும். வருபவர்களுக்குச் சாதாரண யூசர் கணக்கு போதும். பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமிக்காமலும், மூடியதும் குக்கீகள் அழியும்படியும் அமையுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மறக்காதீர்கள். ஊர்ப் பிள்ளைகளின் ஆதாரும் மார்க்‌ஷீட்டும் அங்கேதான் குவிந்துகிடக்கும்.

விண்டோஸில் ஒரு கணக்குக்கு லாகின் நேரம் குறிக்கலாம். ஆனால் அது புதிதாக நுழைவதைத்தான் தடுக்கும், உட்கார்ந்திருப்பவரை எழுப்பாது. அதற்கு சைபர் கஃபே மென்பொருள் வேண்டும். கவுன்டரிலிருந்து நீங்கள் கொடுத்த நிமிடங்கள் தீர்ந்ததும் திரை பூட்டிக்கொள்ளும். ஐந்து நிமிடம் முன்பே எச்சரிக்கை வரட்டும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஓடிபிக்குக் காத்திருப்பவரின் திரையைப் பூட்டினால் சண்டைதான். அன்றைக்குத் தாராளமாக நேரத்தை நீட்டுங்கள்.

மென்பொருள் இருந்தாலும் பதிவேடு தப்பாது. 2011-ஆம் ஆண்டு மத்திய அரசின் சைபர் கஃபே விதிகளின்படி அடையாள அட்டை பார்த்து, பெயர், முகவரி, கணினி எண், லாகின், லாக்அவுட் நேரம் எழுதி, குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். கேபின் தடுப்பு நாலரை அடியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிதான்.