சர்ரா நோய்க்கு எந்த இரத்தப் பரீட்சை?

1880-ஆம் ஆண்டில், சிந்து நதிக்கரையிலுள்ள தேரா இஸ்மாயில்கானில், கிரிபித் எவான்ஸ் என்ற சேனை மிருக வைத்தியர், சர்ரா நோயால் மெலிந்து மடியும் குதிரைகள், ஒட்டகங்கள் ஆகியவற்றின் இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து நோக்கியபோது, சிவப்பணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நெளிந்தோடும் ஒரு கிருமியைக் கண்டார். டிரிப்பனோசோமா எவான்சி என்று அவர் பெயரே பின்னர் அதற்கு வாய்த்தது.

ஒரு துளிப் பச்சை இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இட்டு உடனே பார்க்கும் அந்தப் பரீட்சையை இன்றும் லாயத்திலேயே செய்யலாம், செலவும் சொற்பம். ஆனால் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகளாவது இருந்தாலன்றி அவை கண்ணில் படா. கிருமியோ தன் மேற்போர்வையை மாற்றி மாற்றி உடலின் காவலை ஏய்ப்பதால், ஒரு சமயம் பெருகி ஜுரத்தை ஏற்றும், மறு சமயம் அருகிப்போகும். ஆகையால், ஜுரமில்லாத நாளில் எடுத்த ஒரு துளியை நம்பி நோயில்லையென்று சாதிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜீம்ஸா சாயமிட்ட இரத்தப் பூச்சு, கிருமியின் உருவத்தை நிச்சயப்படுத்த உதவும், அவ்வளவுதான்.

நுண்குழாயில் அடைத்த இரத்தத்தை இயந்திரத்தில் ஐந்து நிமிஷம் சுழற்றி, வெள்ளணுப் படலத்தின்மேல் தெளிநீர் தொடங்கும் ஓரத்தை உற்றுப் பார்க்கும் முறைக்குச் சில நூறு கிருமிகளே போதும். ஜுரத்தில் நிற்கும் குதிரைக்கு நான் முதலில் சொல்வது இதையே. சோகையின் அளவும் அதே குழாயில் தெரிந்துவிடும்.

கழுதையின் சங்கதி வேறு. செங்கற்சூளையில் பாரம் சுமக்கும் கழுதை, நோயையும் வெளிக்காட்டாமல் சுமந்து, கடிக்கும் ஈக்களின் வழியே பக்கத்து லாயத்துக்குக் கொடுத்துவிட வல்லது. அதன் இரத்தத்தில் கிருமி அரிதாகவே தென்படுமாதலால், எதிர்ப்பொருளைத் தேடும் அட்டைப் பரீட்சையே உசிதம்: நீர் கலந்த சீரத்தோடு, நீலச் சாயமேற்றிய கிருமிக் கரைசலைச் சேர்த்து ஐந்து நிமிஷம் ஆட்டினால், எதிர்ப்பொருள் உள்ள இடத்தில் நீலம் துகள் துகளாகத் திரண்டு நிற்கும். மந்தை பெரிதானால், அதே எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா பரீட்சை சௌகரியம். ஆயினும் எதிர்ப்பொருள், தொற்றிய முதல் நாட்களில் தோன்றியிராது; குணமான பின்போ மாதக்கணக்கில் மறையாது. எனவே, சர்ராவுக்கு மருந்தான குவினாபிரமின் ஊசி போட்டபின் கிருமி ஒழிந்ததா என்று அட்டையைக் கேட்பது வீண். அதை அறிய, கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். பரீட்சையை நாடலாம்; அதற்கு, உறையாத இரத்தத்தை இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து, பனிக்கட்டிமேல் வைத்து, தாமதமின்றி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.