கேள்விக்கு முகம் கொடு

அன்புள்ள தங்கைக்கு,

கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கப் பயமில்லை, வாசித்து முடித்ததும் அவையோர் கேட்கப்போகும் கேள்விகளை நினைத்தால்தான் உதறுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு அம்பேத்கரைப் படி என்பேன்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பின் வரைவை முன்வைத்து அவர் பேசினார். வரைவு வெளியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்ததால் அதன்மீது குறைகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாமே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சியின் 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து எடுத்தது என்பது ஒரு குறை. அவர் மழுப்பவில்லை, ஆம், எடுத்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். எடுத்தவை பெரும்பாலும் நிர்வாக விவரங்களாக இருப்பதே தமக்கு வருத்தம் என்றும் ஒப்புக்கொண்டார். அதன் பிறகே காரணத்துக்கு வந்தார்: அரசியலமைப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், நிர்வாக முறையை மட்டும் மாற்றியே அதன் உயிரைக் கெடுத்துவிடலாம், ஜனநாயகப் பழக்கம் இன்னும் வேரூன்றாத நாட்டில் அந்த விவரங்களைச் சட்டமன்றங்களின் கையில் விட்டுவிட முடியாது.

அந்த வரிசையைக் கவனி. எதிர்ப்பைக் குறைக்காமல் சொல்கிறார், அதிலுள்ள உண்மையை ஏற்கிறார், பிறகுதான் வாதாடுகிறார். தன் கேள்வி சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று தெரிந்தால்தான் கேட்டவருக்குப் பதிலில் மனம் செல்லும். ஆகவே முழுவதும் கேட்டு முடி. உன் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. அதே உரையில் கிராமங்களை அவர் கடுமையாகச் சாடியது உறுப்பினர் பலருக்குப் பிடிக்கவில்லை. சபையிலேயே எதிர்த்துப் பேசினார்கள். நவம்பர் 22 அன்று, தஞ்சை மண்ணைச் சேர்ந்த கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளுக்காக ஒரு புதிய பிரிவை முன்மொழிந்தபோது, அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். இன்றைய 40ஆம் பிரிவு அதுதான். ஆனால் அரசியலமைப்பின் அடிப்படை அலகு கிராமமல்ல, தனிமனிதனே என்ற நிலை அசையவில்லை. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று மேடையேறும் முன்பே தெரிந்து வைத்திருப்பவரால்தான் இப்படி இணங்க முடியும். எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்பவரை அவை நம்பாது.

கட்டுரையை மனப்பாடம் செய்தது போதும். உன் கருத்தை வீழ்த்தக்கூடிய மூன்று கேள்விகளை நீயே எழுதி, பதிலோடு இந்த வாரமே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்