விரல் ஓரிடம், வாய் ஓரிடம்

மூன்றாம் வகுப்பில் அவன் எழுந்து நின்று பாடத்தை வாசித்தான். தடங்கலே இல்லை. பக்கத்தில் நின்ற நான் தற்செயலாக அவன் விரலைக் கவனித்தேன். வாய் மூன்றாம் வரிக்குப் போயிருந்தது. விரல் முதல் வரியிலேயே இருந்தது. மற்ற பிள்ளைகள் வாசித்ததைக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்திருக்கிறான்.

அதற்கு முந்தைய வாரம்தான் அவன் அப்பாவிடம், "மூளை இருக்குங்க, எழுதச் சொன்னாத்தான் சோம்பேறித்தனம்" என்று சொல்லியிருந்தேன். "நாலு அடி போடுங்க டீச்சர், நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். நான் அடிக்கவில்லை. ஆனால் என் சொல்லை நம்பி வீட்டில் அடி விழுந்திருக்கிறது. பிறகுதான் தெரிந்தது.

அன்று அதே பாடத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொன்னேன். பத்துச் சொற்களில் மூன்றைத்தான் சொன்னான்.

மறுநாள் அவனுக்கென ஒரு நோட்டுப் போட்டேன். தேதியிட்டு, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். 'கவனமில்லை' என்பது நம் தீர்ப்பு. 'ஆறு சொற்களில் இரண்டை எழுதினான், பிறகு தண்ணீர் குடிக்கப் போனான்' என்பதுதான் குறிப்பு. மூன்று வாரம் எழுதியதும் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. தண்ணீர்த் தாகம் சொல்வதை எழுதும் நேரத்தில் மட்டுமே வந்தது. 'கொடி'யைக் 'கெடி' என்றான்; எழுத்துக்கு இருபுறமும் நிற்கும் குறி அவனைத் தடுமாற வைத்தது. 'பட்டம்' என்பதைப் புள்ளியின்றிப் 'படடம' என எழுதினான். 'மரம்' போல 'ம'வில் தொடங்கும் வேறு சொல் கேட்டால் விழித்தான். ஆனால் மனக்கணக்கில் வகுப்பில் முதல் ஆள். கதை சொன்னால் யாருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்பான்.

இவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்ததும் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ர, ற குழப்பம் பெரியவர்களான நமக்கே உண்டு. புதிதாக எழுதும் எல்லாக் குழந்தையும் புள்ளியை விடும். சக பிள்ளைகள் கடந்துபோன பிறகும், தனிப் பயிற்சி தந்த பிறகும் அதே பிழை நீடிக்கிறதா, பேச்சில் உள்ள திறனுக்கும் எழுத்துக்கும் பெரிய இடைவெளி உள்ளதா என்றுதான் பார்க்க வேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையும், சளியால் காது மந்தமான பிள்ளையும் இப்படியே தோன்றலாம்.

குறைபாட்டுக்குப் பெயர் சூட்டுவது நம் வேலையல்ல. பள்ளிக்கு வரும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் மருத்துவக் குழுவிடமும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் நோட்டைக் காட்டினேன். அவர்கள் வாய்மொழி விளக்கத்தைவிட அந்தத் தேதிகளையே அதிகம் கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. முறையான மதிப்பீடும் சான்றும் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். அதை எட்டாம் வகுப்புக்குப் பிறகு நினைத்துக்கொண்டு ஓடுகிறோம்.

அப்பாவை மீண்டும் வரச் சொன்னேன். நான் முன்பு சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுத்தான் நோட்டைப் பிரித்தேன். வெகுநேரம் பார்த்தவர், "எனக்கும் இப்படித்தான் டீச்சர், எழுத்து நிக்காது. அஞ்சாவதோட நின்னுட்டேன்" என்றார். கற்றல் குறைபாடு குடும்ப வழியில் வருவதுண்டு. அதை நான் முதல் சந்திப்பிலேயே கேட்டிருக்கலாம்.

மதிப்பீட்டுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்கவில்லை. எல்லோர் முன்னிலும் அவனை வாசிக்கச் சொல்வதில்லை. மணலில் எழுதி, ஒலியைச் சொல்லி, நாளுக்கு ஐந்து சொற்கள். அறிவியல் பாடத்தில் விடைகளை வாயால் சொல்கிறான், நான் எழுதிக்கொள்கிறேன். தண்ணீர் குடிக்கப் போவது வாரத்துக்கு இரண்டாகக் குறைந்திருக்கிறது.