கிளவுட் கணனிக்குப் பாதுகாப்புச் சிப்: பூட்டு அங்கே, சாவி எங்கே?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ கடையிலுள்ள பழைய கணனியில் போடப் போனால், 'ரி.பி.எம். 2.0 இல்லை' என்று அது மறுத்துவிடுகிறது. இதனால் நமது வியாபாரச் சகோதரர்கள் சிலர் புதுக் கணனி வாங்குகின்றார்கள். வேறு சிலர், குறிப்பாக கல்முனையில் ஒரு கடையும் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையும் வைத்திருப்பவர்கள், கணக்கு மென்பொருளைக் கிளவுட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் கணனியில் போட்டுவிட்டு இரண்டு இடத்திலிருந்தும் பாவிக்க விரும்புகின்றார்கள். அப்படி எடுத்துக் கொடுப்பவர், "வி.ரி.பி.எம். போடவா, வேண்டாமா?" என்று ஒரு கேள்வி கேட்பார். என்னிடம் அண்மையில் அடிக்கடி வரும் கேள்வியும் இதுதான். போடுங்கள் என்பதே என் பதில். ஆனால் போடுவதற்கு முன் அது என்னவென்று விளங்கிக்கொள்வது அவசியம்.

ரி.பி.எம். என்பது கணனியின் தாய்ப் பலகையில் இருக்கும் ஒரு சிறிய பாதுகாப்புச் சிப். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, கணனி உயிர்பெறும்போது முதலில் ஓடும் மென்பொருள்கள் ஒவ்வொன்றினதும் 'கைரேகையை' வரிசையாகப் பதிந்துகொள்வது. யாராவது இடையில் ஒரு கள்ள மென்பொருளைச் செருகியிருந்தால் பதிவு மாறிவிடும். மற்றையது, ஹாட் டிஸ்க்கைப் பூட்டிய சாவியைத் தன்னுள் வைத்திருந்து, பதிவு சரியாக இருந்தால் மட்டும் அதை வெளியே கொடுப்பது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது அல்லவா? அந்த ஒழுங்கில் பழகிய நமக்கு இச்சிப்பை விளங்குவது கஷ்டமில்லை. இது எழுதுபவர் அல்ல. யார் வந்தார், எந்த வரிசையில் வந்தார் என்று பார்த்து நிற்கும் சாட்சி.

கிளவுட்டில் நாம் எடுப்பது இரும்புப் பெட்டியுள்ள கணனி அல்ல. ஒரு பெரிய சேர்வருக்குள் மென்பொருளால் பிரித்துக் கொடுக்கப்படும் பங்கு. ஒரே சேர்வரில் பலர் குடியிருக்க, அதிலுள்ள ஒரு சிப்பை எல்லோருக்கும் பங்குபோட முடியாது. ஆகவே சிப்பையும் மென்பொருளாலேயே செய்து ஒவ்வொரு மெய்நிகர் கணனிக்கும் தனித்தனியாகக் கொடுக்கின்றார்கள். உள்ளே ஓடும் விண்டோஸுக்கு அது உண்மையான சிப் போலவே தெரியும். லினக்ஸ் சேர்வர்களில் இதைச் செய்யும் 'எஸ்.டபிள்யூ.ரி.பி.எம்.' என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளில் 2020இன் விக்டோரியா பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு.

இங்கே ஒரு விடயத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். உண்மையான சிப் கையால் தொடக்கூடிய பொருள். மென்பொருள் சிப்போ கடைசியில் சேர்வரில் உள்ள ஒரு தரவுக் கோவைதான். அந்தக் கோவை அழிந்தால் அதற்குள் இருந்த சாவியும் அழிந்துவிடும். பின்னால் வரும் எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுவே.

இயக்குவது சுலபம். மைக்ரோசொப்டின் அஷூரில் புதிய கணனியை உருவாக்கும்போது 'செக்யூரிட்டி டைப்' என்ற இடத்தில் 'ட்ரஸ்டட் லோஞ்ச்' என்பதைத் தெரிந்து, 'செக்கியூர் பூட்', 'வி.ரி.பி.எம்.' இரண்டையும் இயக்க வேண்டும். இரண்டாம் தலைமுறைக் கணனியாக இருப்பது கட்டாயம். கூகுளில் இதற்குப் பெயர் 'ஷீல்டட் வி.எம்.'. அங்கே வி.ரி.பி.எம். தானாகவே இயங்கியிருக்கும், 'செக்கியூர் பூட்'டை நாம்தான் இயக்க வேண்டும். பலரும் இதைத் தவற விடுகின்றார்கள். அமேசனில் 'நைட்ரோ ரி.பி.எம்.' 2022இல் வந்தது. அதற்கு ஆதரவுள்ள விண்டோஸ் பிரதியைத் தெரிந்து ஆரம்பிக்க வேண்டும். கணனி தயாரானதும் உள்ளே சென்று 'ரன்' பெட்டியில் 'ரி.பி.எம். டொட் எம்.எஸ்.சி.' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பதிப்பு 2.0 என்று காட்டினால் சரி.

இத்துடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். சிப் தானாக எதையும் பூட்டுவதில்லை. டிஸ்க்கைப் பூட்டுவது 'பிட்லொக்கர்' என்ற விண்டோஸ் வசதி. விண்டோஸ் சேர்வரில் அதைத் தனியாகச் சேர்த்து இயக்க வேண்டும். இயக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புச் சாவியைத் தரும். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். சிப் சாவியைக் கொடுக்க மறுக்கும் நாளில் நமது கணக்குப் புத்தகத்தைத் திறக்க அந்த 48 இலக்கத்தை விட்டால் வேறு வழி இல்லை.

அப்படியொரு நாள் எப்போது வரும்? அமேசனில் எடுக்கும் டிஸ்க் பிரதியில், அதாவது 'ஸ்னப்ஷொட்'டில், நைட்ரோ ரி.பி.எம். இன் உள்ளடக்கம் சேராது. தினமும் பிரதி எடுத்து நிம்மதியாக இருந்துவிட்டு, ஒரு நாள் மூலக் கணனியை இழந்து அப்பிரதியிலிருந்து வேறொரு கணனியை உருவாக்கினால் டிஸ்க் முழுமையாக இருக்கும், ஆனால் திறக்காது. கடையின் பின்னறையில் சொந்தச் சேர்வர் வைத்து 'ஹைப்பர்-வி' பாவிப்பவர்களுக்கும் இதே கதைதான். வி.ரி.பி.எம். இயக்கிய மெய்நிகர் கணனியை இன்னொரு சேர்வருக்குக் கொண்டுபோனால் அது ஆரம்பிக்காது. பழைய சேர்வரில் விண்டோஸ் தானாக உருவாக்கி வைத்திருக்கும் இரண்டு சான்றிதழ்களை அவற்றின் தனிச் சாவியுடன் ஏற்றுமதி செய்து புதியதில் போட வேண்டும். பழைய சேர்வர் எரிந்த பின் அதைச் செய்ய முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடலோடு போன கடன் கொப்பிகளை நினைத்துப் பார்க்கும் நமது கரையோரத்து வியாபாரிகளுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பெரிய நிறுவனங்களும் இதில் அகப்பட்டன. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான ஓர் இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் முடங்கின. திருத்தும் முறை எளிது. ஆனால் பிட்லொக்கர் போட்ட கணனிகளில் அதைச் செய்வதற்கு மீட்புச் சாவி வேண்டியிருந்தது. சில இடங்களில் அச்சாவிகளை வைத்திருந்த சேர்வரே முடங்கிக் கிடந்தது.

ஆகவே அந்த 48 இலக்கத்தை அதே கிளவுட் கணனிக்குள் சேமிக்க வேண்டாம். கடதாசியில் அச்சிட்டு ஒன்றைக் கடையின் இரும்புப் பெட்டியிலும், மற்றொன்றை வேறு ஊரில் நம்பிக்கையான ஒருவரிடமும் வையுங்கள். அமைத்துக் கொடுக்கும் தம்பியிடம் மட்டும் விட்டுவிட வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். அடுத்த மாதம் கட்டாருக்குப் போய்விட்டால் யாரைக் கேட்பது? கிளவுட் கணக்கும் அவருடைய மின்னஞ்சலில் அல்லாமல் உங்கள் மின்னஞ்சலில் பதியப்பட்டிருக்க வேண்டும்.

இதில் இன்னுமொரு பக்கம் உண்டு. நமது கணக்கில் இருப்பது நமது பணம் மட்டுமல்ல. நெல் தந்த விவசாயிக்குக் கொடுக்க வேண்டியது, சாரம் தந்த மருதமுனை நெசவாளிக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவை அமானிதம். ஒருவர் மௌத்தானால் வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடுவதற்கு முன் அவருடைய கடன்கள் தீர்க்கப்பட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். கடன் விபரம் முழுவதும் பூட்டிய டிஸ்க்கில் கிடந்து, சாவி எங்கேயென்று மனைவி மக்களுக்குத் தெரியாவிட்டால் எதைப் பார்த்துத் தீர்ப்பது? வசிய்யத் எழுதி வைத்திருப்பவர்கள் சாவி உள்ள இடத்தையும் அதில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

இந்தச் சிப் எதைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லைத் திருடியவன் உள்ளே வந்தால் அது தடுக்காது, ஏனெனில் கணனி ஒழுங்காகத்தான் ஆரம்பித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணனிக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் நுழைந்தாலும் அப்படியே. 2023இல் இலங்கை அரசின் கிளவுட் மீது நடந்த அத்தகைய தாக்குதலில் சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் இழக்கப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. கணக்கு மென்பொருளிலிருந்தே தினமும் ஒரு பிரதியை வேறிடத்துக்கு எடுப்பது இதனால்தான் தவிர்க்க முடியாததாகிறது. டிஸ்க் பிரதி போல் அல்லாமல், அப்பிரதி எந்தச் சிப்பையும் நம்பியிருப்பதில்லை. அதற்குத் தனிக் கடவுச்சொல் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்து முடித்த பின் கடை பூட்டியிருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். டிஸ்க் பிரதியிலிருந்து புதிதாக ஒரு கணனியை உருவாக்கச் சொல்லி, அது மீட்புச் சாவி கேட்கும்போது இரும்புப் பெட்டிக் கடதாசியைப் பார்த்து நீங்களே அடித்துப் பாருங்கள். திறந்ததும் கடைசியாக எழுதிய பற்றுவரவு இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, அந்தப் பரீட்சைக் கணனியை அழித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அதற்கும் மாதாமாதம் டொலரில் வாடகை ஏறும்.