வலிப்பு உள்ளவர் தூக்க மாத்திரை எடுக்கலாமா?

உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால் அவர்களில் பத்துக்கு ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் குடும்பங்களிலும் இந்த நோய் இருக்கிறது. அதோடு சேர்ந்து பல வீடுகளில் கேட்கும் இன்னொரு குறை, "ராத்திரி தூக்கமே வருவதில்லை" என்பது. அதற்கு என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது என்பதே இந்த மாதப் பாடம்.

தூக்கம் ஏன் முக்கியம்?

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. சில வகை வலிப்பு, அரைகுறையாகத் தூங்கி எழுந்த காலை வேளையில்தான் அதிகம் வரும். ஆகவே வலிப்பு உள்ளவர் தூக்கம் இல்லை என்று சொன்னால் அதைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. அதற்காக மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கிப் போடவும் கூடாது.

ஒரே மருந்து, இரண்டு வேலை

1912-இல் ஜெர்மனியில் ஆல்ஃப்ரெட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், வலிப்பு நோயாளிகள் இரவில் அமைதியாகத் தூங்கட்டும் என்று பினோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தார். அவர்களுக்கு வலிப்பும் குறைந்ததைக் கவனித்தார். அந்த மருந்து இன்றும் வலிப்புக்குத் தரப்படுகிறது. குளோபசாம், குளோனசெபாம் ஆகியவையும் அப்படித்தான். வலிப்பையும் அடக்கும், தூக்கத்தையும் தரும்.

நம் மூளையில் பரபரப்பை அடக்கும் இயற்கையான பிரேக் ஒன்று உண்டு. இந்த மருந்துகள் அந்த பிரேக்கை இன்னும் அழுத்திப் பிடிக்கின்றன. வாரக்கணக்கில் தினமும் எடுத்தால் மூளை அதற்குப் பழகி, தன் சொந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் பிடிக்க ஒன்றுமில்லாமல் போகும். வலிப்பு நோயே இல்லாதவருக்கும்கூட அப்போது வலிப்பு வரலாம். ஏற்கெனவே நோய் உள்ளவருக்கு அடுத்தடுத்து நிற்காமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே முதல் விதி இது. மருத்துவர் எழுதித் தந்த தூக்க மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்தப் பாடத்தைப் படித்துவிட்டும் நிறுத்தாதீர்கள். "பழக்கமாகிவிடுமோ" என்ற பயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தேவையானால் அவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்துவார்.

கேட்காமல் எடுக்கக் கூடாதவை

அல்ப்ராசோலம், டயஸெபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1 என்ற கட்டுப்பாட்டில் உள்ளன. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அக்காவுக்கு எழுதிய மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பது, பழைய சீட்டைக் காட்டி வாங்குவது எல்லாம் இந்தப் பாதுகாப்பை நாமே உடைப்பதாகும்.

சளிக்கும் அரிப்புக்கும் தரும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் மயக்கம் தருவதால் சிலர் அவற்றைத் தூக்கத்துக்கு எடுக்கிறார்கள். வலிப்பு உள்ள சிலருக்கு இவை வலிப்பைத் தூண்டக்கூடும். வலிப்பு மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் ஒன்றின் வேலையை மற்றது கூட்டலாம், குறைக்கலாம். உதாரணமாக, கார்பமசெபைன் எடுப்பவருக்கு சோல்பிடெம் சரியாக வேலை செய்யாமல் போகலாம். வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைச் சேர்த்துப் போடுவதுதான் ஆபத்து.

முதலில் காரணத்தைத் தேடுங்கள்

லெவடிரசெட்டம், லமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்துகளே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். எடுக்கும் நேரத்தையோ அளவையோ மருத்துவர் மாற்றினால் சரியாகலாம். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்தக் கோளாறு இருப்பவருக்குத் தூக்க மாத்திரை மூச்சை மேலும் மந்தமாக்கும். கவலை, மனச்சோர்வு, இரவில் நமக்குத் தெரியாமலே வரும் வலிப்பு ஆகியவையும் காரணமாக இருக்கலாம். காலையில் நாக்கு கடிபட்டிருப்பது, படுக்கை நனைந்திருப்பது, உடம்பெல்லாம் வலிப்பது இதற்கு அடையாளங்கள்.

ரமலானில்

தராவீஹ் முடிந்து தாமதமாகப் படுத்து, ஸஹருக்கு எழுகிறோம். தூக்கம் இரண்டாக உடைகிறது. மாத்திரை நேரமும் மாறுகிறது. வலிப்பு உள்ளவருக்கு இரண்டும் சோதனை. ஆகவே ரமலானுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வேளை மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றலாமா, மூன்று வேளை என்றால் வேறு மருந்து உண்டா, நோன்பு வைக்கவே கூடாதா என்று கேளுங்கள். தூக்க மாத்திரையை எப்போது எடுப்பது என்றும் கேளுங்கள். தாமதமாகப் போட்டால் ஸஹரில் எழும்போது தள்ளாடி விழ நேரலாம்.

நோயாளிக்குக் குர்ஆன் (2:184, 185) தரும் சலுகை இவருக்கும் உரியது. வைக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், பின்னர் களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். நோன்புக்காக மாத்திரையை விட்டு ஐசியூவில் கிடப்பதை மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை.

வீட்டார் செய்ய வேண்டியது

மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். பெண் பார்க்க வருகிறார்கள், விருந்தாளி இருக்கிறார்கள் என்று மாத்திரையை மறைத்து ஒரு வேளைகூடத் தவற விடாதீர்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் கொண்டு போங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பது, வாயில் ஸ்பூன் திணிப்பது, மாத்திரை ஊட்டுவது எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

குடும்பத்தோடு பேச மூன்று கேள்விகள்

1. நம் வீட்டில் யார் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரியுமா?
2. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கிய தூக்க மாத்திரை வீட்டில் இருக்கிறதா? இருந்தால், எத்தனை நாளாக எடுக்கிறார் என்பதை மருத்துவரிடம் எப்போது சொல்லப் போகிறோம்?
3. அடுத்த ரமலானுக்கு முன் மருத்துவரைப் பார்க்க எந்த நாளைக் குறித்திருக்கிறோம்?